மாப்பிள்ளையின் பேரிடர்ப் பை

மாப்ளே, உன் வீட்டு லாஃப்ட்ல படுத்திருக்கிற அந்த ஆரஞ்சுப் பையை நான் பார்த்துட்டேன். நீ ஆபீஸ் போயிருந்த நேரத்துல உங்கம்மா, எங்கக்காதான் காட்டிக்கொடுத்துச்சு. "தம்பி, இவன் என்னத்தையோ மேல ஏத்தி வச்சுக்கிட்டு யாரையும் தொட விடமாட்டேங்கறான், என்னான்னு பாரேன்"னுச்சு. எனக்கும் கை சும்மா இருக்குமா? ஸ்டூலைப் போட்டு ஏறிட்டேன்.

பிரிச்சா, அடேங்கப்பா! மடக்குக்கத்தி, திசைகாட்டி, உரசித் தீ மூட்டுற கம்பி, பனியில விறைச்சுப் போகாம உடம்புல சுத்திக்க வெள்ளித்தாள் போர்வை. எல்லாத்துக்கும் அடியில, ஊதினா ரெண்டு பேர் உட்காரலாம்னு படம் போட்ட ரப்பர் படகு. வேளச்சேரியில, ஒம்பதாவது மாடியில, பனிக்குப் போர்வையும் வெள்ளத்துக்குப் படகும்! உன் வாசப்படியில நீ அந்தப் படகை இறக்குற அளவுக்குத் தண்ணி வந்துச்சுன்னா, மெட்ராஸ்ல மிச்சம் ஒரு காக்கா இருக்காது. வேளாங்கண்ணி பக்கம் பொறந்தவன்கிறதால எனக்கும் நோவா கதை தெரியும். அவரு கப்பல்ல ஆடு மாடு ஏத்துனாரு, தீனி ஏத்துனாரு. நீ படகு மட்டும் வாங்கியிருக்கே, அரிசியைக் காணோம்.

டார்ச் இருந்துச்சு. அமுக்கினேன், எரியல. பின்னாடி திருகித் திறந்தா பேட்டரி கசிஞ்சு, வெள்ளையும் பச்சையுமா பூத்து, ஸ்பிரிங்கோட ஒட்டிக்கிட்டிருக்கு. பிஸ்கெட்டோட ஆயுசு போன வருசத் தீபாவளியோட முடிஞ்சிருக்கு. தண்ணி பாட்டிலை மோந்து பார்த்தேன், பிளாஸ்டிக் வாடை. மிக்ஜாம் புயல் போன மறுவாரம் வாங்குன ரசீது மட்டும் பத்திரமா உள்ளேயே இருந்துச்சு. தொகையை இங்க எழுத மாட்டேன். உன் பொண்டாட்டி பாப்பா படிச்சுடும், அப்புறம் உன் வீட்டுல வேற புயல் வரும்.

உன்னைக் கேலி பண்ணத்தான் இதை எழுதுறேன். ஆனா நீ பட்டதையும் நான் மறக்கல. 2023 டிசம்பர்ல, மூணும் நாலும் தேதி, வானம் பொத்துக்கிட்டு ஊத்தினப்ப உன் தெருவுல இடுப்பளவு தண்ணி. கரண்டு போச்சு. கரண்டு போனதும் மோட்டார் போச்சு, மோட்டார் போனதும் மொட்டை மாடித் தொட்டி காலி, அதோட கக்கூஸும் போச்சு. லிஃப்ட் நின்னுச்சு. கார் நிறுத்துற கீழ்த்தளத்துல வச்சிருந்த ஜெனரேட்டர் முதல் ஆளா முங்கிடுச்சு. கடைசியா போனும் செத்துச்சு. எங்கக்கா ஒம்பது மாடி இறங்கவும் முடியாம, மேல இருக்கவும் முடியாம, "கீழ இவ்வளவு தண்ணி கிடக்கு, மேல கால் கழுவத் தண்ணி இல்லையேடா"ன்னு புலம்புச்சாம். அரை லிட்டர் பால் பாக்கெட்டுக்கு ஊரே அடிச்சுக்கிச்சு. வடக்கு எந்தப் பக்கம்னு தெரியாம அன்னிக்கு யாராவது தவிச்சாங்களா? பால் எந்தப் பக்கம்னு தெரியாமத்தானே தவிச்சீங்க? அதுக்கு நீ போய் திசைகாட்டி வாங்கியிருக்கே.

பேரிடர்னா உனக்குச் சினிமா ஞாபகம் வருது. எங்களுக்கு மின்கம்பம்தான் ஞாபகம் வரும். கஜா புயல் வந்தப்ப நீ பெங்களூர்ல இருந்தே. 2018 நவம்பர் 16, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ஏறுச்சு. விடியறதுக்குள்ள அது தன் வேலையை முடிச்சுட்டுப் போயிடுச்சு. எங்க வேலை விடிஞ்சப்புறம்தான் ஆரம்பிச்சுது. டெல்டாவுல லட்சத்துக்கு மேல மின்கம்பம் சாஞ்சு கிடந்துச்சு. தென்னை போனது தனிக்கதை, அதைச் சொன்னா இன்னிக்கு முழுக்க அழணும். கேரளாவுல இருந்துகூட மின்வாரியத்துக்காரங்க வந்து சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அப்பவும் உள் கிராமத்துக்கு வெளிச்சம் வர வாரக்கணக்காச்சு. காத்து அடிச்சது ஒரு ராத்திரி, கஷ்டம் அத்தனை வாரம். நீ அந்த ஒரு ராத்திரிக்குப் பை கட்டி வச்சிருக்கே.

அந்த வாரங்கள்ல எங்க தெருவுல எது மதிப்பா இருந்துச்சு தெரியுமா? முதல்ல தார்ப்பாய். ஓடு பறந்த வீடு, கீத்து பறந்த வீடு, எல்லாரும் தேடுனது அதைத்தான். வர்ற லாரியை எல்லாம் நிறுத்தி "தார்ப்பா இருக்கா"ன்னு கேட்டாங்க, சோறு அப்புறம்தான். அடுத்தது அடிபம்பு. பழசுன்னு கழட்டிப் போட்டவங்க எல்லாம் கழட்டாதவன் வீட்டு வாசல்ல குடத்தோட நின்னாங்க. பெரிய தொட்டிக்குத் தண்ணி ஏத்தத் தெருவே காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துச்சு. அதுக்கப்புறம் நமுத்துப் போகாத தீப்பெட்டி, அரிக்கேன் விளக்கு, கொசுவத்தி, உப்பு, புளி, மிளகாய், கருவாடு. இதுல ஒண்ணுகூட உன் பையில இல்ல. நீ சிரிப்பே, கருவாட்டைப் பையில போட்டா லாஃப்டே நாறும்னு. நாறட்டும். நாறுனாதான் அது அங்க இருக்குன்னு உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தத் தார்ப்பாய்லயும் ஒரு சமாச்சாரம் இருக்கு. புயலுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருந்த வீடுகளும் இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தப்பதான் சில பேருக்குக் கண்ணு நிறைஞ்சுது. ஈரத்தோட மடிச்சு வச்சது பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. வெயில்ல கட்டிப் போட்டது தொட்டா உதிருது. நெல் மூட்டை பக்கத்துல வச்சதை எலி சல்லடையாக்கிடுச்சு. வாங்குனாங்களா? வாங்குனாங்க. இருந்துச்சா? இல்ல. தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டாதேன்னு புத்தி சொல்ல ஊருக்கு நூறு பேர் உண்டு. வெட்டின கிணத்தை வருசா வருசம் தூர் வாருன்னு சொல்ல ஒருத்தன் கிடையாது. அந்த ஒருத்தன் வேலையைத்தான் இப்ப நான் பார்க்கிறேன்.

உங்க தாத்தா வீட்டுக் கூடத்துல நின்ன குதிர் உனக்கு ஞாபகம் இருக்கா? ஒளிஞ்சு விளையாட உள்ளே இறங்கி, ஏற முடியாம கத்துனியே, அதேதான். அதுக்கு வாய் மேல, ஓட்டை கீழ. அறுத்த நெல்லை மேல கொட்டுவாங்க, அன்னன்னிக்குக் குத்துறதுக்குக் கீழ் ஓட்டையில கட்டையை உருவிப் பிடிப்பாங்க. முதல்ல உள்ளே போனதுதான் முதல்ல வெளியே வரும். புதுசு பழசைத் தள்ளிக்கிட்டே இருக்கும். நீ எம்.பி.ஏ. படிச்சப்ப இதுக்கு நாலெழுத்துல இங்கிலீஷ் பேர் ஒண்ணு சொல்லி எனக்குப் பாடம் எடுத்தே. நான் குதிரைக் காட்டி, "இதுவா"ன்னு கேட்டேன். நீ பேச்சை மாத்திட்டே.

அந்தக் குதிர்தான் எங்களுக்கு வெள்ளத்துக்கும், வறட்சிக்கும், கல்யாணத்துக்கும், திடீர்னு வந்து இறங்குற சம்பந்திக்கும். ஆபத்துக்குன்னு தனி நெல் கிடையாது. தினம் திங்கிற நெல்லே கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, அவ்வளவுதான். கோபுரக் கலசத்துக்குள்ள போடுற தானியத்தைக்கூட கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் எடுத்துட்டுப் புதுசு போடுறாங்க. சாமி சேமிப்பே தேதி பார்த்து மாறுது. உன் பிஸ்கெட் மட்டும் காலம் கடந்து நிக்குமா?

எங்க பரணையும் உன் லாஃப்ட்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடாதே. எங்க பரண் அடுப்புக்கு மேல இருந்துச்சு. புகை ஏறுற இடம், அதனால பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. சோறு வடிக்கிற பொம்பளை தலையை நிமிர்த்துனா எது தீர்ந்துச்சு, எது மிச்சம்னு கண்ணுல படும். உங்க லாஃப்ட்டைக் குளியலறைக்கு மேல கட்டியிருக்கான் அந்தப் புண்ணியவான். நீராவியும் இருட்டும் கதவும்! மறக்கணும்னு நினைக்கிற சாமானுக்கு உலகத்துலயே அதைவிட நல்ல இடம் கிடையாது. உன் கல்யாணத்துல வந்த டின்னர் செட் இன்னும் அங்கதானே இருக்கு? அதுக்குத் துணையாத்தான் அந்தப் பையும்.

அதனால முதல் வேலையா பையைக் கீழே இறக்கு. பிஸ்கெட்டைத் தூக்கிப் போடு. படகைப் பத்தி உனக்கும் பாப்பாவுக்கும் நடுவுல நான் வரல.

சாப்பாட்டு விசயத்துல ஒரே கணக்குதான். வெயில் நாள்ல திங்காததை மழை நாளுக்குன்னு வாங்காதே. வெந்நீர் ஊத்துனா வெள்ளைக்காரன் சாப்பாடா மாறுற பொட்டலம் ஒண்ணு இருந்துச்சே உன் பையில, அதை எங்கக்கா திங்கும்னு நீ எந்த நம்பிக்கையில வாங்குனே? அதுக்கு வெந்நீருக்கும் வழி வேணும்ல? அவல் வாங்கு. அடுப்பே வேண்டாம், தண்ணியில நனைச்சு வெல்லத்தைப் போட்டா சாப்பாடு, மோரும் உப்பும் போட்டா இன்னொரு சாப்பாடு. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பேரீச்சை, சத்துமாவு. குழந்தைக்குப் பால்பவுடர். இதெல்லாம் உன் வீட்டுல எப்படியும் புழங்குற சாமான். ஒரு டப்பா வாங்குற இடத்துல ரெண்டா வாங்கு. முன்னாடி இருக்கிறது தீர்ந்ததும் பின்னாடி இருக்கிறதை முன்னுக்கு இழு, புதுசைப் பின்னாடி வை. அரிசி, ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு ரெண்டரைக் கிலோன்னு வச்சுக்கோ. நாலு பேருக்குப் பத்து. நீ வாங்குற 25 கிலோ மூட்டை பாதியா குறைஞ்சதுமே அடுத்த மூட்டையைச் சொல்லிட்டா, உன் வீட்டுல எந்தப் புயலுக்கும் பத்து கிலோ நிக்கும். இதுக்குத் தனிப் பை எதுக்கு?

வண்டு விழும்பே. விழத்தான் செய்யும், அதுக்கும் பசிக்குமுல்ல. அரிசியில வேப்பிலையைக் காயவச்சுப் போடு, வசம்புத் துண்டு போடு, நாலு காஞ்ச மிளகாய் போடு. இதெல்லாம் வண்டைக் கொல்லும்னு நினைச்சுக்காதே, வர்றதுக்குக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். நிஜமான மருந்து வெயிலும், காத்துப் புகாத டப்பாவும்தான். பருப்புல ஒரு சூட்சுமம் சொல்றேன். எங்க பக்கம் சம்பா அறுப்புக்கு முன்னாடி வயல்ல உளுந்து, பயறு தெளிப்போம். முழுப்பயறு மேலதான் வண்டு முட்டை வைக்கும். உடைச்ச பருப்புல அதுக்குக் குடித்தனம் பண்ணத் தோதுப்படாது. அதனால ரொம்ப நாள் வைக்கிறதை உடைச்சு வைப்பாங்க உங்க அத்தை. முழுசா வைக்கிற துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பாங்க. நீ பாசிப்பயறை முழுசா அஞ்சு கிலோ வாங்கி முளைகட்டப் போறேன்னு வச்சிருக்கே. அதுல முளைக்கப் போறது எதுன்னு எனக்குத் தெரியும். ரவையை வாங்குன அன்னிக்கே வறுத்து வை. எண்ணெய்யை மட்டும் அளவுக்கு மேல சேர்க்காதே, சிக்குவாடை வந்துடும்.

இந்த எடத்துல மட்டும் சிரிக்காமக் கேளு. மில்லுலயும் கிடங்குலயும் வண்டுக்குப் போடுற மாத்திரை இருக்கு, செல்பாஸ்னு சொல்லுவாங்க. யாராவது "ஒண்ணே ஒண்ணு அரிசி டின்ல போடு, வருசம் முழுக்கத் தாங்கும்"னு சொன்னா அந்த ஆளை வாசல்லயே நிறுத்து. ஈரம் பட்டா அதுல இருந்து கிளம்புற வாயு குடும்பத்தோட கொண்டுபோயிடும். அதே கணக்குதான் வாடகை ஜெனரேட்டரும். மழை படுதுன்னு அதை வராண்டாவுக்குள்ள இழுத்து, கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கப் போறவன் காலையில எழுந்திரிக்க மாட்டான். அந்தப் புகையில இருக்கிற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. சரி, இப்பச் சிரிக்கலாம்.

தண்ணி. குடிக்க மட்டும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர் வேணும், சமையலுக்கும் சேர்த்தா நாலு. நாலு பேர், ஒரு வாரம்னா நூத்துச் சொச்சம் லிட்டர். 20 லிட்டர் கேன் ஆறு. நீ இப்ப ரெண்டு கேன் வச்சிருக்கே, ரெண்டும் ஒரே நாள்ல தீர்ந்து போறமாதிரிதான் போன் பண்ணுறே. ஆறா வச்சுக்கோ, காலியானதை மட்டும் மாத்திக்கிட்டே வா. வெயில் படாத இடத்துல வை. மண்ணெண்ணெய், பினாயில் பக்கத்துல வைக்காதே, அந்த வாடை பிளாஸ்டிக்கைத் தாண்டித் தண்ணிக்குள்ள போயிடும்.

புழக்கத்துத் தண்ணிக்கு டிரம் வச்சிருக்கியாமே, பால்கனியில. பெருமையா போட்டோ அனுப்புனே. அதைத் திறந்து பார்த்தேன் மாப்ளே. உள்ளே ஒரு ஊரே இருக்கு. நெளிஞ்சுக்கிட்டு, தலைகீழாத் தொங்கிக்கிட்டு, குடும்பம் குட்டியோட. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. அதுக்கு உன்னை மாதிரி சுத்தபத்தமா மூடாம வச்சிருக்கிற நல்ல தண்ணிதான் வேணும். முட்டை கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரத்துக்கு ஒரு தடவை டிரம்மைக் காலி பண்ணணும். காலி பண்ணுனா மட்டும் போதாது, தேங்காநாரை எடுத்து உள்சுவத்தைத் தேய்க்கணும். முட்டை தண்ணியில மிதக்கிறதில்ல, தண்ணி விளிம்புச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி ஊத்துனதும் பொரிச்சுடும். மூடி இறுக்கமா இல்லைன்னா பழைய வேட்டியைக் கட்டு. வெள்ளத்துக்குச் சேர்த்த தண்ணியால ஆஸ்பத்திரிக்குப் போனான்னு உன் பேரு ஊர்ல விளங்கும். கொட்டுற தண்ணியை வீணாக்காதே, பாப்பா வச்சிருக்கிற செடிக்கு ஊத்து, படியைக் கழுவு.

கேஸ் சிலிண்டர் ரெண்டு வச்சிருக்கே, நல்லது. ஆனா ஒண்ணு தீர்ந்து ரெண்டாவதை மாட்டினதும் அன்னிக்கே பதிவு பண்றியா? இல்ல. ரெண்டாவதும் தீர்ற அன்னிக்குத்தான் உனக்கு ஞாபகம் வருது. அப்ப உன்கிட்ட இருக்கிறது எப்பவும் ஒரு சிலிண்டரும் ஒரு இரும்புச் சாமானும்தான். இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டே. 14.2 கிலோ சிலிண்டர் முழுசா இருந்தாலும் தண்ணியில மிதக்கும். அதோட எடையைவிட அது ஒதுக்குற தண்ணி எடை ஜாஸ்தி. தரைத்தளத்துல இருக்கிறவங்க ரெகுலேட்டரைக் கழட்டி, மூடியைப் போட்டு, சிலிண்டரைச் சங்கிலியில கட்டி வைக்கணும். உன் மாடிக்கு அது வேண்டாம், உன் அடுக்ககத்துல கீழ இருக்கிற அந்த வாத்தியாரம்மாகிட்ட சொல்லு. கரண்டு அடுப்பை நம்பிப் பெருமை பேசினியே, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அது அன்னிக்கு உன்னை மாதிரியே சும்மா உட்கார்ந்திருந்துச்சு.

வெளிச்சத்துக்கு வர்றேன். டார்ச்சுக்குள்ள பேட்டரியைப் போட்டு மாசக்கணக்கா வைக்காதே. பேட்டரி தனி, டார்ச் தனி, ரெண்டும் ஒரே கவர்ல. பவர் பேங்க் சும்மா கிடந்தாலும் தானா இறங்கும், முழுக்கத் தீர்ந்து கிடந்தா அதுக்கு ஆயுசு குறையும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏத்தி வை. எமர்ஜென்சி விளக்கும் அப்படித்தான், எரியாமலே செத்துப்போற ஜாதி அது. மாசத்துக்கு ஒரு ராத்திரி மெயினை அணைச்சுட்டு அந்த விளக்குல சாப்பிடுங்க. பிள்ளைக்கு வேடிக்கை, உனக்குச் சோதனை. இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் கடைசியா எப்ப ஊத்துனேன்னு கேட்டா பாப்பாவைப் பார்க்கிறே, பாப்பா உன்னைப் பார்க்குது. தீப்பெட்டியை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடு.

எங்கக்கா மருந்து விசயத்துல விளையாடாதே. பிரஷர் மாத்திரை தீர்றதுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே அடுத்தது வீட்டுல இருக்கணும். புதுசை எடுத்துத் தின்னுட்டுப் பழசை மிச்சம் வைக்கிற பழக்கம் எங்கக்காவுக்கு உண்டு. புடவையிலயும் அப்படித்தான். நீதான் பார்த்து மாத்தி வைக்கணும். இன்சுலின் இருக்கே, பிரிட்ஜ் செத்துப்போச்சுன்னு பதறாதே. புழக்கத்துல இருக்கிற பாட்டில் 30 டிகிரி தாண்டாத இடத்துல சாதாரணமா நாலு வாரம் தாங்கும். எந்த மருந்துக்கு எத்தனை நாள்னு டாக்டர்கிட்டே இப்பவே கேட்டு அட்டையில எழுதி வை. பிரிக்காத பாட்டிலுக்கு மண்பானைக்குள்ள ஈரத்துணி சுத்தி வைக்கிற பழைய வழி ஒண்ணு இருக்கு. ஆனா ஒண்ணு, அது சித்திரை வெயில்லதான் நல்லாக் குளிரும். கார்த்திகை ஈரத்துல பானைக்கு வேர்க்காது, குளிர்ச்சியும் கம்மி. நல்லவேளை, அப்ப வெளியிலயும் அவ்வளவு சூடு இருக்காது. உப்புக்கரைசல் பொட்டலம் பத்து வாங்கி வை, அதுக்கும் தேதி உண்டு. ஒரு பொட்டலத்துக்குக் காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர், அன்னிக்கே குடிச்சு முடிக்கணும்.

பத்திரம், ரேஷன் அட்டை, பிள்ளை சர்டிபிகேட் எங்கடான்னு கேட்டா, "எல்லாம் போன்ல இருக்கு மாமா"ன்னே. போன் எங்க இருக்கு? சார்ஜர்ல. சார்ஜர் எங்க? கரண்டுல. கரண்டு எங்க? அதான் இல்லையே! 2015 டிசம்பர் வெள்ளத்துல சர்டிபிகேட்டை நனையவிட்டவங்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கமே முகாம் போட்டுச்சு, நீ அந்த வரிசையைப் பார்த்திருக்கே. ஒரு செட் நகலை பிளாஸ்டிக் உறையில போட்டு, கிளம்புனா கையில எடுக்கிற இடத்துல வை. காசும் அப்படித்தான். பத்தும் இருபதும் அம்பதுமா கொஞ்சம் வை. டவர் இல்லாத அன்னிக்கு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்டே போய் "ஸ்கேன் பண்றேன்"னா, அவரு உன்னைத்தான் மேலயும் கீழயும் ஸ்கேன் பண்ணுவாரு. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு, 108 ஆம்புலன்ஸ். இதைச் சமையல்கட்டுச் சுவத்துல பெரிசா எழுது. சுவத்துக்குச் சார்ஜ் வேண்டாம்.

இதையெல்லாம் எப்பப் பார்க்கிறது, எங்க நேரம்னு மூக்கால அழாதே. உன் போன்ல நினைவூட்டல் வச்சிருந்தே, அதைத்தான் தினம் தள்ளிப் போடுறியே. நமக்கு ஏற்கெனவே பஞ்சாங்கம் வச்சுக்கொடுத்திருக்கு. ஆயுத பூஜை எப்ப வருது? புரட்டாசிக் கடைசி, ஐப்பசி வாக்குல. வடகிழக்கு மழை இறங்குறதுக்குச் சரியா முன்னாடி. அன்னிக்கு லேப்டாப்புக்கும் காருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறே. அதோட டார்ச்சையும், சிலிண்டரையும், மருந்து டப்பாவையும், தார்ப்பாயையும் இழுத்து வச்சுத் துடை. பொட்டு வைக்கணும்னா எடுத்துப் பார்த்துத்தானே ஆகணும்? எரியாத டார்ச்சுக்குப் பொட்டு வைக்க உனக்கே கூச்சமா இருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் கழிஞ்சு, மார்கழியில மழை ஓய்ஞ்சதும் சேர்த்ததைத் தின்னு தீர்க்க ஆரம்பி. போகிக்கு டப்பாவெல்லாம் காலியாகிக் கழுவி வெயில்ல கவுந்திருக்கணும். பங்குனி, சித்திரையில வத்தல், வடகம், ஊறுகாய். ஆடியில ஒரு கண் பார்வை. இது எதுக்கும் தனியா லீவு எடுக்க வேண்டாம்.

நீ கேட்க மாட்டே, ஆனா நான் சொல்லியாகணும். சேர்க்கிறதுல உன் நாலு பேருக்கு மட்டும் கணக்குப் போடாதே. 2023-லயே, மிக்ஜாம் போய் ரெண்டு வாரம்கூட ஆகல, டிசம்பர் 17-ல தெற்கே ஊத்துச்சு பாரு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்புன ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. முன்னாடி தண்டவாளத்துக்கு அடியில மண்ணே இல்ல. ஏறக்குறைய 800 பேர், சுத்திலும் தண்ணி. சோறு போட்டது யாரு? பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க. அவங்க ஊரையும்தான் மழை கொட்டுச்சு, அப்பவும் இருக்கிற அரிசியைப் போட்டு அடுப்பைப் பத்தவச்சாங்க. அவங்க லாஃப்ட்ல ஆரஞ்சுப் பை இருந்திருக்கும்னு நினைக்கிறியா? உன் அடுக்ககத்து வாட்ச்மேன் வடக்கத்திப் பையன், தகரக் கொட்டாயில இருக்கான். கேட்டைத் திறந்து மூடுறவன் அவன்தான், முதல்ல நனையறவனும் அவன்தான். அரிசியில அவனுக்கும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடு. சப்பாத்திதான் திம்பான்னா கோதுமை மாவா வை, அதுல வண்டு சீக்கிரம் வரும், அதனால அப்பப்ப நீயும் சப்பாத்தி தின்னு.

உங்க அத்தை இந்த வருசமும் வடகம் போட்டிருக்காங்க. மோர் மிளகாய் இருக்கு, கொத்தவரங்காய் வத்தல் இருக்கு, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. பஸ்ல போட்டு விடுறேன், கோயம்பேடோ கிளாம்பாக்கமோ, இப்ப எங்க வந்து நிக்குதோ அங்க வந்து வாங்கிக்கோ. புயல் வரட்டும்னு பூட்டி வைக்காம, இன்னிக்கு ராத்திரியே ரசத்துக்குப் பொரிச்சுத் தின்னுங்க. தீர்ந்ததும் டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பு. போன வருசத்து எவர்சில்வர் டப்பா ரெண்டும் இன்னும் வந்து சேரலன்னு உங்க அத்தை தினம் என்னைத்தான் கேக்குறாங்க.